நோஞ்சான் வரிசை

ஜன்னலோரம் நீயே இரு தாயி. நான் இந்தப் பக்கம் ஒக்காந்துக்கிறேன். இந்தச் சாக்கை மட்டும் ஒங் காலுக்கடியில தள்ளிக்கிறேன், அங்கதேன் வெயில் படல. ஈரச் சாக்கு, சேலையில ஒட்டாமப் பாத்துக்க. பாம்பு கீம்பு இல்ல, பயப்படாத. வெறும் குச்சி. எதுக்கா? அடுப்புக்குன்னு வச்சுக்கயேன்.

ஓடைப்பட்டி வண்டிதான இது? நல்லது. டிரைவர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள சின்னமனூரே கெளம்பிப் போயிரும் போல. நீயும் ஓடைப்பட்டிக்கா? யாரு வீடு? ஓ, பள்ளிக்கூடத்துல வேலையா. நல்லா இரு.

நான் ராயப்பன்பட்டிக்கு அந்தப் பக்கம். பேரு மரியபுஷ்பம். எனக்கு அங்க ஒறவுமில்ல, விசேசமுமில்ல. ஒரு கத்தியக் குடுக்கணும், குடுத்துட்டு அடுத்த வண்டியில திரும்பிருவேன். ஒரு வா தண்ணி கூடக் குடிக்க மாட்டேன். அந்த வீட்டுல குடிக்கிறதா இல்ல.

யாரு கத்தின்னு கேக்க மாட்டியா? நீயும் எங்க ரெஜினா மாதிரி அமுக்குணியாத்தேன் இருக்க. ரெஜினா எம் மக. ஒரே மக. கத்தி அவ புருசனோடது. இன்னாசின்னு பேரு. ஒட்டுக்கட்டற கத்தி. இம்புட்டுதேன் இருக்கும், மடக்கி வைக்கலாம், பல்லு வெளக்குன மாதிரி பளபளன்னு வச்சிருப்பாரு. அதை எங்க மோட்டார் ரூமு சொவத்து மேல வச்சுட்டுப் போயிட்டாரு. அடுத்தவுக பொருளு நமக்கு எதுக்கு? அதேன் குடுக்கப் போறேன்.

எனக்கு அதிகம் பேச வராது தாயி. ஊருல யார வேணா கேளு. ஆனா நீ கேட்டதுக்காகச் சொல்றேன்.

எங்களுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தலு. ரெஜினா அப்பா வச்சது. அவுக கையால ஒவ்வொரு குச்சியா நட்டு, கல்லுக்காலு ஊண்டி, கம்பி இழுத்துக் கட்டுன பந்தலு. அந்தப் பழத்தை வாயில போட்டா பன்னீரு தெளிச்ச கல்யாண வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கும். அவுக போய்ச் சேந்த பொறகு நாந்தேன் பாத்தேன். கவாத்து வெட்டறதுலேர்ந்து மருந்தடிக்கிறது வரைக்கும் நாந்தேன். ஆம்பளை இல்லாத பந்தலுன்னு ஒருத்தன் வாயில வரவிடல.

ரெஜினாவுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. வீட்டோட வரணும். எத்தனையோ பேரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாங்க. இவரு மட்டும், "பந்தலைப் பாக்கலாமா"ன்னு கேட்டாரு. பொண்ணு காப்பித் தட்டோட நிக்கிறா, இவரு பந்தலைப் பாக்கணுங்கறாரு! அப்பவே எனக்குப் புடிச்சுப் போச்சு. அப்பவே நான் உசாரா இருந்திருக்கணும்.

பந்தலுக்குள்ள போனவரு கொடியையா பாத்தாரு? குனிஞ்சு மண்ணைத் தோண்டி வேரைப் பாத்தாரு. அப்ப ஒண்ணும் சொல்லல. கல்யாணம் முடிஞ்சு மறுவீடெல்லாம் போய் வந்த பொறகு, ஒருநா சோறு தின்னுக்கிட்டே சொல்றாரு, "அத்தை, கொடி சாகுது"ன்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இலை மஞ்சளடிச்சது நெசந்தேன். கொத்து சிறுத்துப் போனதும் நெசந்தேன். சத்துக் கொறவுன்னு நான் ஒரத்தைக் கொட்டிக்கிட்டு இருந்தேன். இவரு ஒரு வேரைப் பிடுங்கிக்கிட்டு வந்து தட்டுப் பக்கத்துல வைக்கிறாரு. பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கு. கண்ணுக்குத் தெரியாத புழுவாம். மண்ணுக்குள்ள இருந்துக்கிட்டு வேரை உறிஞ்சுதாம். "இந்த மண்ணுல இனி பன்னீரை அதோட சொந்த வேருல நிக்க வைக்க முடியாது அத்தை. வேற வேரு வைக்கணும்"ங்கறாரு.

கேட்டியா கதைய? வேற வேராம்!

அவுக ஓடைப்பட்டிப் பக்கமெல்லாம் விதையில்லாத் திராட்சைதேன. அங்க எல்லாம் அப்படித்தேனாம். டாக்ரிட்ஜுன்னு ஒரு காட்டுத் திராட்சை. அதை மொதல்ல நட்டு வளத்து, முழங்கால் ஒசரத்துல தலைய வெட்டி, நடுவுல பொளந்து, நம்ம கொடியோட குச்சிய ஆப்பு மாதிரி சீவிச் சொருகிக் கட்டிருவாங்க. கீழ அது, மேல இது. வேரு அதோடது, பழம் நம்மளோடது. புழு அந்தக் காட்டு வேரை ஒண்ணும் பண்ணாதாம். உப்புத் தண்ணிக்கும் தாங்குமாம், காஞ்சாலும் தாங்குமாம். 

"ருசி?"ன்னு கேட்டேன். நான் கேப்பேன்ல. காட்டு வேருல இருந்து தண்ணி ஏறுனா பழத்துல காட்டு வாடை அடிக்காதா?

"ருசி மாறாது அத்தை. வளத்திதேன் மாறும்"னாரு. "இந்த வேரு முரட்டு வேரு. மேல இருக்கறதை வெரட்டி வெரட்டி வளக்கும். நாம தண்ணியக் கொறச்சு, ஒரத்தைக் கொறச்சு அதை அடக்கணும். கையக் கட்டிக்கிட்டு இருந்தோம்னா இலையாப் போட்டுரும், கொத்துப் போடாது."

இதெல்லாம் எனக்கு எதுக்கு தாயி? ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுட்டேன்.

விடல, ஒத்துக்கிட்டேன். கொடி செத்துக்கிட்டு இருக்கே, என்ன செய்ய? ரெஜினா அப்பா நட்ட கொடி எல்லாத்தையும் ஒரே நாளுல தோண்டி எடுத்தாங்க. நான் அங்கிட்டுப் போகல. வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். ரெஜினா வந்து கதவைத் தட்டறா, "யம்மா, அப்பா கொடியில இருந்து நல்ல குச்சியா எடுத்துப் பத்திரமா வச்சிருக்காரும்மா. அதைத்தேன் ஒட்டுக்கட்டப் போறாரு"ன்னு. குச்சிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எனக்குப் பந்தலுல்ல வேணும்.

டிக்கெட்டா? ஓடைப்பட்டி ஒண்ணு குடுங்க தம்பி. சாக்குக்குமா? இது என்ன மூட்டையா, மடியில வச்சுக்கிற சாமான். சரி சரி, முறைக்காதீங்க. பாத்தியா தாயி, குச்சிக்கு டிக்கெட் கேக்கற காலம்.

எதுல விட்டேன்? ஆங், ஓடைப்பட்டியில இருந்து வளந்த வேர்ச்செடியாக் கொண்டாந்து நட்டு, ஒட்டுக் கட்டுனாரு. சும்மா சொல்லக் கூடாது, கை வேலைன்னா கை வேலை. பிளாஸ்டிக் பட்டையச் சுத்தி, பச்சப்புள்ளைக்கு விரல்ல காயம் கட்டற மாதிரி கட்டுனாரு. முழங்கால் ஒசரத்துல வரிசை வரிசையா கட்டுப் போட்டுக்கிட்டு நின்னுச்சு செடிக. கவர்மெண்டு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் வயித்தெரிச்சல்.

அந்த நேரம் பாத்து மாப்பிள்ளையோட ஆத்தா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு போச்சு. தேனியில ஆஸ்பத்திரி. இவரு போகாம இருக்க முடியுமா? நாந்தேன் சொன்னேன், போயி ஆத்தாவைப் பாருங்க மாப்ள, தோட்டத்தை நான் பாத்துக்கிறேன்னு. அம்புட்டு நல்ல மனசு எனக்கு.

போறதுக்கு முன்னாடி பந்தலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிச் சொன்னாரு. "அத்தை, கட்டுக்குக் கீழ வேர்ச்செடியில துளிரு வரும். அதைக் கிள்ளிக்கிட்டே இருக்கணும். கட்டுக்கு மேல சொருகுன குச்சியில வர்றதை மட்டும் கயித்துல ஏத்தி விடுங்க"ன்னாரு. கேட்டேன். தலையாட்டுனேன்.

ஆனா தாயி, சொன்னது சொன்னதுதேன், கண்ணுன்னு ஒண்ணு இருக்குல்ல?

கட்டுக்குக் கீழ வந்துச்சு பாரு துளிரு! கட்டவெரல் தண்டிக்கு, தளதளன்னு, ராத்திரி படுத்துக் காலையில எந்திரிச்சா ஒரு சாண் ஏறி நிக்கும். கட்டுக்கு மேல வந்தது நூலு மாதிரி. வெளுத்துப் போயி, இந்தா விழுந்துருவேன் அந்தா விழுந்துருவேன்னு. இதுல எதைக் கிள்ளுவ? எதை ஏத்துவ?

நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த வேலைதேன் பாக்கறேன். குச்சி நட்டா நாலஞ்சு துளிரு வரும். இருக்கறதுலயே வலுவான துளிரு ஒண்ண விட்டுட்டு, நோஞ்சானையெல்லாம் கிள்ளி எறியணும். அதுதேன் பந்தல் வேலையில பாலபாடம். ரெஜினா அப்பா எனக்குக் காட்டுனதே அதுதேன். வலுவானதை ஏத்து, நோஞ்சானை எடு. இவரு வந்து தலைகீழா சொல்றாரு. ஆத்தா விழுந்த பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். நானே சரி பண்ணிட்டேன்.

ஆமா. நூலு மாதிரி இருந்ததையெல்லாம் கிள்ளிட்டேன். கீழ வந்த வலுவானதைக் கயித்துல ஏத்தி விட்டேன். தண்ணிக்குத் தண்ணி, ஒரத்துக்கு ஒரம். 

ரெஜினா மட்டும் மோட்டார் ரூமு பக்கத்துல இருந்த ரெண்டு வரிசைய என்னைத் தொட விடல. புருசன் போன்ல சொல்லச் சொல்ல, குனிஞ்சு குனிஞ்சு கீழ வர்றதைக் கிள்ளிக்கிட்டு, அந்த நூலுக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கிட்டுக் கெடப்பா. "ஏண்டி, நோஞ்சான் வரிசைக்கு மருந்து மாத்திரை குடுத்தியா, கஞ்சி காச்சிக் குடுத்தியா"ன்னு கேலி பண்ணுவேன். பக்கத்துப் பந்தல்காரி பவுனுத்தாயி வந்து பாத்துட்டு வாயப் பொளந்துட்டா. "ஏக்கா, உம் பந்தலு என்னக்கா இப்படி ஓடுது!"ன்னா. எனக்குப் பெருமை தாங்கல. அந்த ரெண்டு வரிசைய மட்டும் அவ கண்ணுல படாம மறைச்சுக்கிட்டு நின்னேன்.

அவரு ஊருல இருந்து வந்து எறங்குனப்ப, கொடி பந்தலைத் தொட்டு நாலு பக்கமும் படந்து நிக்குது. மனுசன் பாராட்டுவாருன்னு நான் பின்னாலயே போறேன். அவரு ஒரு இலையப் பிச்சுக் கையில வச்சுக்கிட்டு நின்னவரு நின்னவருதேன். பன்னீர் இலை விரல் விரலாப் பிரிஞ்சிருக்கும். இது வட்டமா இருக்கும். கொழுந்துல வெள்ளையாப் பஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கும். எனக்கும் தெரிஞ்சதுதேன். புது வேருல்ல, புதுசாத்தேன் இருக்கும்னு விட்டுட்டேன்.

"அத்தை, இது பன்னீரு இல்ல. நீங்க ஏத்தியிருக்கறது வேர்ச்செடிய. இது காய்க்காது"ன்னாரு.

மெதுவாத்தேன் சொன்னாரு. அந்த மெதுவாச் சொல்றதுதேன் எனக்கு ஆகாது. சத்தம் போட்டா நானும் போடுவேன், சண்டை தீந்துரும். இவரு ஆஸ்பத்திரியில டாக்டரு சொல்ற மாதிரி சொல்றாரு.

"இம்புட்டு வளந்தது காய்க்காதா?"

"வளர்றது வேற, காய்க்கறது வேற அத்தை. வெட்டிட்டு மறுபடி ஒட்டுக் கட்டிரலாம். வேரு கெடக்கு, ஒண்ணும் நட்டமில்ல."

வெட்டணுமாம்! ஒருதரம் வெட்டுனதை நான் இன்னும் மறக்கல. என் கையால ஏத்தி விட்ட கொடி. விட மாட்டேன்னேன். அன்னைக்கு விட்டுட்டாரு. மறுநா சொன்னாரு. அதுக்கு மறுநா சொன்னாரு. நாலாம் நாளு, விடியக் காலையில கத்தியோட போயி ஒரு கொடிகிட்ட குனிஞ்சுட்டாரு. 

நான் ஓடிப் போயி குறுக்க நின்னுக்கிட்டேன். பவுனுத்தாயி பந்தலுக்குக் கவாத்து வெட்ட வந்த ஆளுக அம்புட்டுப் பேரும் வேலைய விட்டுட்டுப் பாக்கறாங்க. எனக்கு என்ன வந்துச்சோ, கத்திட்டேன். "பந்தக்காலு ஊண்டுனது எம் புருசன். வீட்டோட வந்தவனுக்கு இங்க வெட்டறதுக்கு என்ன பாத்தியதை?"ன்னு. வந்தவனுக்குன்னு சொல்லிட்டேன். எம் மாப்பிள்ளைய நான் வாங்க போங்கன்னுதேன் பேசுவேன் தாயி, அன்னைக்கு ஒருநாதேன் வாய் தவறிருச்சு.

அவரு நிமுந்தாரு. கத்திய மடக்குனாரு. சொவத்து மேல வச்சாரு. வண்டிய எடுத்தாரு, போயிட்டாரு. ரோசத்தைப் பாரு! வீட்டுல பெரியவுக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இந்த ரெஜினாவாவது எம் பக்கம் நிப்பான்னு பாத்தேன். ஒரு வாரம் நல்லாத்தேன் இருந்தா. அந்த ரெண்டு வரிசைக் கொடியும் பந்தலைத் தொட்டு நின்னதைப் பாத்துட்டு, "யம்மா, இனி கிள்ள வேண்டியதில்ல, தண்ணிய மட்டும் கொறச்சு விடு"ன்னு சொல்லிட்டுப் பையத் தூக்கிக்கிட்டுப் புருசன்கிட்டக் கெளம்பிட்டா. 

நான் பாட்டுக்கு இருந்தேன். எனக்கென்ன, ஒத்தை ஆளு, ஒரு கைப்பிடி அரிசி. டி.வி. இருக்கு. சாயங்காலம் கோயிலு இருக்கு. ராத்திரி என்ன, சத்தமில்லாம இருந்துச்சு. அம்புட்டுதேன்.

வண்டி கெளம்பிருச்சு, பாரு. காத்து வருது. சாக்கு மேல காத்துப் படாம கொஞ்சம் கால அணைச்சு வச்சுக்க தாயி, புண்ணியமாப் போகும்.

பெறகு கவாத்து நாளு வந்துச்சு. ஆளு வச்சு வெட்டுனேன். நல்லா ஒரம் வச்சேன், தண்ணிய நெறையப் பாச்சுனேன். துளிரு பொங்கிக்கிட்டு வந்துச்சு. அடேயப்பா, பந்தலுக்குக் கீழ நின்னா வானம் தெரியல. எல்லாரும் பூவுக்குக் காத்திருக்காங்க. நானும் தெனம் போயி அண்ணாந்து பாக்கறேன். இலை. அதுக்கு மேல இலை. கழுத்து வலிதேன் மிச்சம். ஒரு கொத்து இல்ல.

பவுனுத்தாயி கேட்டா, "என்னக்கா, பூவக் காணோம்?"னு. "லேட்டுக் காய்ப்பு"ன்னேன். அந்த வேர்ச்செடிக்கு என்ன கேடோ. ஓடைப்பட்டியில இருந்து வந்த செடி நல்ல செடியா இருந்திருந்தா காச்சிருக்கும். இதுல எந் தப்பு என்ன இருக்குன்னு நீயே சொல்லு. நான் தண்ணி ஊத்தாம விட்டேனா?

ஏன் சிரிக்கற? சிரிக்கலையா? சரி.

அந்த நோஞ்சான் வரிசை இருக்குல்ல, ரெண்டு வரிசை. அதுக்கு நான் தண்ணி விடல. ரெஜினா சொன்னான்னு இல்ல, கோவத்துல விடல. அதுக கவாத்து வெட்டுன பொறகு அளவாத் துளுத்துச்சு. அடித்தண்டைப் பாத்தா நம்ப மாட்ட, நூலு மாதிரி இருந்தது என் மணிக்கட்டுத் தண்டிக்கு வந்துருச்சு. கட்டுப் போட்ட எடத்துல ஒரு சின்ன முண்டு, அம்புட்டுதேன், எது கீழது எது மேலதுன்னு தெரியாம ஒண்ணாச் சேந்து போச்சு. பூத்துச்சு. கொத்துன்னா கொத்து, கை கொள்ளாத கொத்து. பழைய பந்தலுல கடைசி வருசங்கள்ல நான் அப்படிக் கொத்தைப் பாத்ததே இல்ல. பழம் கருக்க ஆரம்பிச்சப்ப காக்காயும் கிளியும் வந்துச்சு. நான் வலை கட்டுனேன். எதுக்குக் கட்டுனேன்னு தெரியல, கட்டுனேன்.

போன வாரம் ஒரு பழம் பறிச்சு வாயில போட்டேன்.

அதே பழம் தாயி. ரெஜினா அப்பா மொதமொதக் கொத்து பழுத்தப்போ, யாருக்கும் தெரியாம முந்தானையில போட்டுட்டு, தின்னு பாருன்னு சொன்னாகளே, அதே பழம். காட்டு வாடை ஒரு பொட்டுக் கூட இல்ல. தோலு கடிபட்ட ஒடனே அந்த வாசம். அவுக கொடிதேன் அது. ஒரு சொட்டு மாறல. நான் அங்கேயே ஒக்காந்துட்டேன். அந்தப் பக்கம் பாத்தா ஒரு பந்தலு நெறைய வட்ட இலை ஆடுது. அந்த ஒவ்வொரு கொடியிலயும் அவுக துளிரு ஒண்ணு நூலு மாதிரி வந்துச்சுல்ல. நோஞ்சான்னு நான்...

சரி விடு. கண்ணுல தூசி. ஜன்னலக் கொஞ்சம் சாத்து.

இந்தா, நீ ரெண்டு தின்னு பாரு. பையில இருக்கு, வாங்கிக்க. ஆத்தாவுக்குன்னு கொண்டு போறேன். இடுப்பு ஒடஞ்ச பொம்பளை பாவம், அவுக என்ன பண்ணுனாங்க. இப்ப கம்பு ஊண்டி நடக்கறாங்களாம். எப்படி இருக்கு? சொல்லு. ம்? நான் சொன்னேன்ல!

பெறகு என்ன, முந்தாநா ஆளு கூப்புட்டு அந்தப் பந்தலை வெட்டிட்டேன். ஆமா, வட்ட இலையத்தேன். முழங்கால் ஒசரத்துக்கு. சும்மாத்தேன். ஒரே இருட்டா இருந்துச்சு, கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்னு வெட்டுனேன். வேற ஒண்ணுமில்ல. வெட்டுன வாயில தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், அது ஒரு நாள் ரெண்டு நாள் வடிஞ்சு நிக்கணும், அப்பத்தேன் ஒட்டுக் கட்டுனா புடிக்கும். தண்டு தடியா இருந்தா நல்லதுதேன், நடுவுல பொளந்து சொருகிரலாம். சொருகற குச்சி நல்லா முத்தி, பென்சில் தண்டிக்கு இருக்கணும். துளிரு வர்ற கண்ணு தெறிப்பா இருக்கணும். ஈரச் சாக்குல சுத்தி வச்சா வாடாது. இதெல்லாம் யாரு சொல்லித் தந்தாகன்னா? யாரும் சொல்லித் தரல. எனக்குத் தெரியும். பந்தலுக்குள்ளயே கெடக்கறவளுக்குத் தெரியாதா?

ஆமா, அந்தக் குச்சிதேன் ஒங் காலுக்கடியில இருக்கறது. நோஞ்சான் வரிசையில இருந்து பாத்துப் பாத்து வெட்டுனது. இனி ரெஜினா அப்பா கொடின்னு இருக்கறது அந்த ரெண்டு வரிசையும் இந்தச் சாக்கும்தேன்.

பந்தலு எங்க ஊருல இருக்கு, குச்சிய எதுக்கு ஓடைப்பட்டிக்குத் தூக்கிக்கிட்டுப் போறேன்னா கேக்கற? கேக்கற பாரு கேள்வி! வாத்திச்சிதேன் நீ. வீட்டுல வச்சா எலி கடிக்காதா? குச்சி நல்ல குச்சியா, கண்ணு உசிரோட இருக்கான்னு ஒருத்தர் பாத்துச் சொல்லணுமா இல்லையா? கத்தியக் குடுக்கப் போற எடத்துல அப்படியே காட்டிட்டு வரலாம்னுதேன். ஒட்டுக்கட்ட எங்க ஊருலயே கூலிக்கு ஆளு இருக்கு. யாரும் நாதியத்துப் போகல. ஆனா கத்தி அவரோடதுல்ல? 

வரச் சொல்லிக் கூப்புடுவியான்னா? நானா? அது எப்படி? நான் பெரியவ. நான் கூப்புட மாட்டேன். அவரா வந்தா, வேணாம்னு சொல்லவும் மாட்டேன். மோட்டார் ரூமுல அவரு செருப்பு கூட அப்படியேதேன் கெடக்கு. யாரையும் தொட விடல.

நான் வர்றது அவுகளுக்குத் தெரியவே தெரியாது. சொல்லாமத்தேன் வர்றேன். நேத்து ராத்திரி ரெஜினாவுக்குப் போன் போட்டு ஒண்ணு கேட்டேன். "ஏண்டி, ஈரச் சாக்குல குச்சி எத்தனை நாளு தாங்கும்?"னு. பொதுவாத்தேன் கேட்டேன். எதுக்கும்மான்னா. ஒண்ணுமில்ல, பவுனுத்தாயி கேட்டான்னு சொல்லி வச்சுட்டேன். அவளுக்கு என்ன தெரியப் போவுது. 

வந்துருச்சா ஓடைப்பட்டி? இதுதேன் கடைசி ஸ்டாப்பா? வண்டி இங்கிருந்து அப்படியே திரும்பிருமா? சரி. சேலைத் தலைப்பு நல்லா இருக்கா பாரு.

யாத்தே.

அந்தா, புளியமரத்துக்கிட்ட பாரு. நீலச் சட்டை. ஆமா, அவருதேன். எளச்சுப் போயிட்டாரு. ஆத்தா வீட்டுல சோறு போடல போல. பக்கத்துல ரெஜினா. இவுகளுக்கு யாரு சொன்னது? கையில என்ன, பையா? ஊருக்கு எங்கயோ கெளம்பி நிக்கிறாக. பாத்தியா, நான் வர்ற நேரம் பாத்துக் கெளம்புறாக. எங்க போறீங்க மாப்ள? என்னது? சத்தத்துல கேக்கல.

ஜன்னலை நல்லா தெறந்து விடு தாயி. கேக்கறாரு.

வாங்கன்னு சொல்லல, சாப்டீங்களான்னு கேக்கல. "குச்சி எங்க"ங்கறாரு. இந்தா, இங்கதேன் இருக்கு. ஈரமாத்தேன் இருக்கு மாப்ள, வெயில் படல, இந்தப் புள்ள கால அணைச்சுப் பாத்துக்கிட்டு வந்துச்சு. என்னது? எத்தனை கொடி வெட்டுனேனா?

பூராத்தையும்.

பூராத்தையும் வெட்டிட்டேன் மாப்ள. வெளிச்சம் வரட்டும்னு.

பாரு, தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சிரிக்கறாரா, என்ன பண்றாரு? ரெஜினா, நீ ஏண்டி அழுவுற, ரோட்டுல நின்னுக்கிட்டு? இருங்க, எறங்கி வர்றேன். என்ன? எறங்க வேணாமா?

தாயி, நீ எறங்கும்மா, வழி விடறேன். அவுக இதே வண்டியில ஏறுறாகளாம். குச்சி காயறதுக்குள்ள போகணுமாம். பைய எடுத்துக்கிட்டியா, பழம் ரெண்டு கொத்து எடுத்துக்க, ஆத்தாவுக்குப் பெறகு பாத்துக்கலாம்.

சாக்கை எடுக்காத. அது அங்கயே இருக்கட்டும்.